நூற்று நாற்பத்தேழாவது ஜன்னல்

...கணினியில் வெறும் வெள்ளை, ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை, மூடித் திறந்தாலும் வெள்ளை, உள்ளே நுழைகிற பக்கத்தைத் தட்டினாலும் அதே வெள்ளை, என் வீட்டு வாசலில் நானே சாவியில்லாமல் நிற்கிறேன்... மதியம் இரண்டே முக்கால், என் ஜன்னலின் நீலத் திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது, தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது, என் இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களும் எங்கே போயின? வாரத்துக்கு ஒரு ஜன்னலைப் பற்றி இணையத்தில் எழுதுவேன், நாலு வருடம், நடக்கப் போகிற தெருக்களில் கண்ணில் பட்டவை, செருப்புக் கடைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல், பல் மருத்துவரின் ஜன்னலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பஞ்சுக் கரடி... படிக்கிறவர்கள் முப்பது பேர் தேறுவார்கள், அதில் நாலு பேர் சொந்தம், படிக்காமலே நன்றாயிருக்கிறது என்பவர்கள். ஆனாலும் அது என் தளம், நான் பார்த்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

கணினியின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தங்கையின் கோழிக் கிறுக்கல், "அக்கா, தீம் அப்டேட்டை மட்டும் தொடாதே, தொட்டால் கெட்டாய்." தொட்டேன், கெட்டேன். தீம் என்றால் தளத்துக்குப் போடும் சட்டை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அவளுக்கு இணையதளம் கட்டுவதுதான் வேலை, இரண்டு வருடத்துக்கு முன் கடையில் வாங்கிய சட்டையைப் பிரித்து உள்ளே தன் கையால் என்னென்னவோ தைத்திருந்தாள், காலையில் திறந்தால் பக்கம் வெளிர் மஞ்சளாக இருக்கும், மதியம் வெளுக்கும், ஆறு மணிக்கு மேல் மெல்ல இருளும், ஜன்னலுக்கு வெளியே பொழுது போகிற மாதிரியே... புதுச் சட்டை வந்தால் தையல் போய்விடும் என்றுதான் சீட்டு. அவ்வளவு பெரிய வேலை செய்தவள் காவலுக்கு வைத்தது ஒரு துண்டுக் காகிதத்தை. அக்கா சொன்னால் கேட்பாள் என்று நம்பியிருக்கிறாள், பாவம். சரி, இத்தனை மாதம் தொடாதவள் இன்று ஏன் தொட்டேன்? கை தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் "உறுதியாகவா?" என்று அது ஒருமுறை கேட்டதே, "ஆம்" என்று இன்னொரு தடவை அழுத்தியது யார் கை?

ஒன்றேகால் வருடமாக நாங்கள் பேசுவதில்லை. நூற்று நாற்பத்தேழாவது ஜன்னல் அவளுடையது. அவள் வீட்டுக்காரர் பிரிந்து போன மாதம், அவள் தெருவில் நின்று மாடியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன், மூடிய நீலத் திரைச்சீலை, கொடியில் ஆண் சட்டை இல்லாத துணிகள், உள்ளே யாரோ விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பது... நான் எழுதியதிலேயே நல்லது என்று இப்போதும் தோன்றுகிறது, அதுதான் வெட்கமாயிருக்கிறது. "எடுத்துடு அக்கா" என்றாள். பேர் போடவில்லையே, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். "எனக்குத் தெரியுதே" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன், மாலையே சமாதானமாகியிருப்போம், அவள் கத்தவில்லை.

அவள் எண்ணை அழுத்திவிட்டு, எடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஆறிய தேநீரைக் குடித்தேன்... எடுத்துவிட்டாள். "சொல்லு." வெள்ளையாக இருக்கிறது என்றேன். "அப்டேட் அழுத்தினியா?" அழுத்தினேன். "சீட்டு ஒட்டியிருக்கா, விழுந்துடுச்சா?" ஒட்டித்தான் இருக்கிறது. "அப்புறம் என்னத்தச் சொல்ல!" சிரித்தாளா, பெருமூச்சா, தெரியவில்லை. தளத்தின் கோப்புகள் இருக்கிற இடத்துக்குள் போக அவள் போனுக்கு ஆறு எண்கள் வரும், ஒரு நிமிடத்துக்குத்தான் செல்லும், "நாலு... ஒன்பது... ரெண்டு..." என்று படித்தாள், சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடக் கதவுக்குப் பின்னால் எண்ணிய அதே இழுவை, நான் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே போய்விட்டேன், எண்களை விட்டுவிட்டேன். "போட்டியா?" இல்லை, இன்னொரு தடவை சொல்லேன். "காது அடைச்சிருக்கா உனக்கு?" இல்லை, காது நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது முறை திறந்தது. "தீம்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள நம்மளோடது இருக்கும், அது பேரோட கடைசியில ஏதாவது சேரு, பழசுன்னு போடு, போதும், தளம் அதைத் தேடிப் பார்த்துட்டு, காணோம்னு சாதா சட்டையை எடுத்து மாட்டிக்கும்." போட்டேன். ஒரு பொருளை மறைக்க அதன் பேரை மாற்றினால் போதுமா, கனவில் நடக்கிற மாதிரி இருக்கிறது... நுழைகிற பக்கம் வந்தது, என் பெயரைக் கேட்டது, விட்டது. எல்லாம் இருக்கிறது, பஞ்சுக் கரடி, வட்ட ஜன்னல், எல்லாம். "நிறம் மாறுறது மட்டும் போயிருக்கும்" என்றாள், "அது என்கிட்ட வேற காப்பி இல்ல." என் இரண்டு வருட மாலைகளைக் கையால் தைத்தவள், போனால் போகட்டும் என்கிற குரலில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

இப்போதாவது எடுத்துவிடுவோம் என்று நூற்று நாற்பத்தேழைத் திறந்தேன், அவள் கேட்பதற்கு முன், அவள் லைனில் இருக்கும்போதே. ஓரத்தில் ஒரு வரி, கடைசியாகத் திருத்தியவர் என்று அவள் பெயர், ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி. அவளா? ஆமாம், கட்டியவளே அவள்தானே, அவளுக்கும் சாவி உண்டு, எப்போதுமே இருந்திருக்கிறது, எந்த நாளிலும் ஒரே தட்டில் அழித்திருக்கலாம்... அழிக்கவில்லை. என்ன திருத்தியிருக்கிறாள்? பழையதையும் புதியதையும் தளம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. மொத்தத்தில் ஒரே ஒரு சொல். 'நீலத் திரைச்சீலை' என்று நான் எழுதியதில் நீலத்தை எடுத்துவிட்டு 'சாம்பல்' என்று போட்டிருக்கிறாள், மற்றதை அப்படியே விட்டிருக்கிறாள். அந்தத் தெருவில் நின்றது நினைவிருக்கிறது, வெயில், ஒரு சைக்கிள் மணி... நிமிர்ந்து பார்த்தேனா? எவ்வளவு நேரம்? முப்பது பேருக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறவள், பார்த்தேனா?

என் ஜன்னலில் நீலத் திரைச்சீலை உப்பி அடங்கியது.

"அக்கா? வந்துடுச்சா எல்லாம்? லைன்ல இருக்கியா?"

இருக்கேன், என்றேன். "உன் வீட்டு ஜன்னல்ல இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அவள் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாளா, போனை வைக்கப் போகிறாளா தெரியவில்லை, நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.