பதினாலில் ஒன்று கறுப்பு

பெட்டி என்னிடம் வந்து சேர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். உள்ளங்கை வியர்த்து வழிந்தது. ஏப்ரனில் துடைக்கலாமென்றால் அது வெள்ளை ஏப்ரன், கறை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டி ஒன்றும் பெரிய அதிசயமில்லை. தையல் சாமான் வைக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் கை நுழைகிற ஓட்டை, அதன் மேல் ஒரு தோல் மூடி. உள்ளே ஒரு தட்டில் வெள்ளைக் கோலிகளும் கறுப்புக் கட்டைகளும் கலந்து கிடக்கும். கையை விட்டு ஒன்றை எடுத்து, பின்னாலிருக்கிற குழிக்குள் போட வேண்டும். கண்ணுக்கு வேலையில்லை, விரல்தான் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்தால் வெள்ளை, ஆள் வரட்டும். நாலு மூலை குத்தினால் கறுப்பு, வேண்டாம்.

கறுப்பு ஒன்று விழுந்தாலே போதும், ஆள் வெளியே. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. போட்டவள் சொல்லக் கூடாது. போடாதவளும் ‘நான் போடவில்லை’ என்று சொல்லக் கூடாது. இதற்கெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எங்களை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு உள்ளே வரக் காத்திருந்தவள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். வளையல், மோதிரம், சாவி, சில்லறை எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுமனேயுமாக. யாராக இருந்தாலும் அப்படித்தான் வந்தாக வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் அதே கோலத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுப் போடுவதும் சேர்த்துக்கொள்வதும் ஒரே சாயங்காலம் முடிந்துவிடும், ஏனென்றால் லாட்ஜ் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சங்கத்தில் கறுப்பு விழுந்ததாக யாருக்கும் ஞாபகமே இல்லை.

காத்திருந்தவள் எங்கள் காலேஜ் ஹாஸ்டல் சூப்பிரண்டம்மா.

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். ஹாஸ்டலில் சேர அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், பத்து நாள் ராத்திரி சாப்பிட்டபின் பழைய நோட்டு ஒன்றில் தன் பெயரை எழுதிப் பழகினார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். பத்தாவது நாள் நன்றாகவே வந்துவிட்டது. ஆபீஸில் எங்களுக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர். அப்பா பேனாவைத் திறந்து முதல் எழுத்தைப் பாதி போட்டிருப்பார். “இது விடிஞ்ச மாதிரிதான். மை டப்பாவை எடுங்க, கைநாட்டு வச்சிட்டுப் போகட்டும்” என்றாள் சூப்பிரண்டம்மா. அப்பா, “இல்லம்மா, எனக்குத் தெரியும்...” என்றார். “எல்லாந் தெரிஞ்சவருதான், கட்டை விரலைக் கொடுங்க.” வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவரையா அவளையா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா பேனாவைத் தொடவே இல்லை.

நான் இப்போது ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். லாட்ஜுக்கு என்னை அழைத்து வந்தது ரிட்டையரான ஒரு ஹெட் நர்ஸ். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, மாதா மாதம் என்னிடம்தான் ஊசிக்குக் கையை நீட்டுவார். அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், ஆன்ட்டி என்றால் முறைப்பார். “நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில சிஸ்டர், சிஸ்டர்னு கூப்பிட்டு உசுர வாங்கினாங்க. இங்க வந்தா இங்கயும் சிஸ்டராம். என் தலையெழுத்து” என்பார். வீட்டில் அம்மாவிடம் “லாட்ஜில் சேர்ந்திருக்கிறேன்” என்று சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ரூம் போடுகிற லாட்ஜ் இல்லை, இது பெண்களே நடத்துகிற சங்கம், மாதம் ஒரு கூட்டம், சடங்கு வசனங்களை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்வது, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கித் தருவது என்று புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

எனக்கு அங்கே பிடித்தது ஒன்றுதான். முதல் நாள் ஒரு ரசமட்டத்தைக் காட்டி, “இதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே உயரம்” என்றார்கள். கட்டடம் கட்டுகிற சாமான்களை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்வார்கள். மூலைமட்டம் நேர்மைக்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்து நிற்பதற்கு. கேட்டபோது சிரிப்பு வந்தது. ஆனால் பல் டாக்டரும் பேங்க் மேனேஜரும் என் பக்கத்தில் அதே வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நிஜமாகவே ஒரே உயரம் என்று நம்பிவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் கூட்ட அறிவிப்பு வந்தது. அதில் சூப்பிரண்டம்மா பெயர், சிபாரிசு பேங்க் மேடம். ஆட்சேபணை இருந்தால் முன்கூட்டியே மாஸ்டரிடம் தனியாகச் சொல்லலாம். எங்கள் பல் டாக்டர்தான் இந்த வருஷம் லாட்ஜுக்குத் தலைவி, பெண்ணாக இருந்தாலும் மாஸ்டர் என்றுதான் அழைக்க வேண்டும். நான் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் கட்டை விரலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் லேபில் அக்காவுக்கு விரல் நுனியில் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் “குத்திட்டியா?” என்று மட்டும் கேட்டார். குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சும் வைத்தாகிவிட்டது. அவருக்கு விரல் மரத்துப்போய்க் கொஞ்ச நாளாகிறது.

பெட்டி வந்தது. கையை விட்டேன். கட்டை ஒன்று தானாகவே விரலில் வந்து மாட்டியது. நாலு மூலையும் தெரிந்தது. வைத்திருந்தேன். பெட்டியைத் தூக்கி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் வழக்கம்தான். கட்டையை விட்டுவிட்டுக் கோலி ஒன்றை எடுத்துப் போட்டேன்.

நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். பயம். கறுப்பு விழுந்தால் எல்லோரும் புதுசைத்தான் பார்ப்பார்கள், புதுசு நான்தான்.

மாஸ்டர் தன் மேசையில் குழித்தட்டை உருவிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பதிமூணு வெள்ளை. ஒரு கறுப்பு.”

தலைகள் திரும்பியதை நான் கேட்டேன், துணி உரசுகிற சத்தம். நான் நினைத்த மாதிரியே என் பக்கம். நேர் எதிரே இருந்த பேங்க் மேடம் கண்ணையே எடுக்கவில்லை. நான் இல்லை மேடம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தக் கூடாது.

“கைதவறி விழுந்திருக்கலாம். அதனால இன்னொரு தடவை பெட்டி வரும். அப்பவும் கறுப்பு இருந்தா முடிவு அதுதான்” என்றார் மாஸ்டர்.

கைதவறி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் அக்கா கையுறையை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் இருக்கிற இடத்தில் மோதிரவிரலை விட்டு இழுத்தார், வலி தெரியாததால் இழுத்துக்கொண்டே இருந்தார். ஊசி குத்தியதே தெரியாத விரலுக்கு உருண்டை எது, கட்டை எது என்று எப்படித் தெரியும்?

சும்மா இருந்தால் போதும். மறுபடியும் அந்த விரல் தப்பாக எடுத்துவிடலாம். சூப்பிரண்டம்மா வெளியே போவாள், என் கையில் பொட்டு அழுக்குக்கூட இருக்காது. அப்பாவிடம் சொல்லவும் சொல்லலாம். இரண்டு மூச்சு விடுகிற நேரம் அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு எழுந்து நின்றேன். எட்டு மாதத்தில் நான் கூட்டத்தில் எழுந்து பேசியதே இல்லை.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். பெட்டிய ஓரமா அந்தத் தடுப்புக்குப் பின்னாடி வச்சிட்டா என்ன? மூடிய எடுத்துட்டு, லைட்டப் போட்டுட்டு, ஒவ்வொருத்தரா போய்ப் பாத்துப் போடலாம். யார் என்ன போடுறாங்கன்னு அப்பவும் யாருக்கும் தெரியாது.”

“எதுக்கு இப்போ அது?”

“ஒருத்தர வேண்டாம்னு சொல்றதுன்னா தெரிஞ்சு சொல்லணும். தடவிப் பாத்துச் சொல்லக் கூடாது.”

மாஸ்டர் செயலாளரிடம் குனிந்து ஏதோ பேசினார். எனக்குப் பின் வரிசையில் ஒரு குரல், அடக்கிச் சொன்னாலும் கேட்டது: “பாத்தியா, போட்டது போட்டுட்டு இப்ப பயந்துடுச்சு.” இன்னொரு குரல்: “சின்னப் பொண்ணு, விடு.” பேங்க் மேடம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். திருந்திவிட்டாள் என்கிற சிரிப்பு. காது மடல் வரைக்கும் எரிந்தது.

ஒப்புக்கொண்டார்கள். தடுப்புக்குப் பின்னால் மேசை விளக்கின் கீழ் பெட்டி திறந்து கிடந்தது. என் முறை வந்தபோது கறுப்புக் கட்டைகள் பளபளவென்று மின்னின. கோலியைத்தான் எடுத்தேன். எனக்கு அடுத்து அக்கா போனார். வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

மாஸ்டர் தட்டை உருவினார்.

“பதிமூணு வெள்ளை. ஒரு கறுப்பு. முடிஞ்சது. இதப் பத்தி யாரும் எங்கயும் பேசக் கூடாது.”

ஏப்ரன் மடித்து வைக்கிற அறையில் அக்காவை மடக்கினேன். வேறு யாரும் இல்லை.

“அக்கா, உங்க விரல் மரத்துப்போச்சுன்னுதான் நான் எழுந்தேன்.”

“தெரியுமே. நல்ல காரியம் பண்ண. மொதல்ல என்ன விழுந்துச்சுன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு.” ஏப்ரனை நாலாக மடித்து நீவினார். “விரல்தான்டி மரத்துப்போச்சு. கண்ணு நல்லாத் தெரியுது.”

அவர் மடித்துக்கொண்டிருந்த ஏப்ரனைப் பிடித்து நிறுத்தினேன்.

“நான் கேட்டேனா? உங்ககிட்ட அதச் செய்யச் சொல்லிக் கேட்டேனா?”

“கத்தாத. நீ கேக்கல. உனக்காகப் போட்டேன்னு நெனச்சுக்கவும் வேணாம். அந்த மாதிரி ஆளுங்க முன்னாடி நாப்பது வருஷம் கையக் கட்டிக்கிட்டு நின்னவ நான். இங்கயும் வந்து நிக்கணுமா?”

“அதுக்கு இப்படியா? நேர்ல சொல்லிருக்கலாம்ல?”

“நீ சொன்னியா?” என்றார் அக்கா.

வெளியே போக ஒரே வழி, அந்தப் பக்கத்து அறை வழியாகத்தான். சூப்பிரண்டம்மா எழுந்து நின்றிருந்தாள். வெறுங்கால் குளிரில் விறைத்துப்போய் மற்றக் காலின் மேல் ஏறியிருந்தது. பேங்க் மேடம் அவள் வளையல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். வளையல் கையில் ஏறாமல் சிக்கியது.

“என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிட்டாவது அனுப்புங்களேன். முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. ஏம்மா, நீ உள்ளதான இருந்த? நீயாவது சொல்லு.”

என்னைத்தான் கேட்டாள். முகத்தை அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை.

பெட்டியைப் பற்றித்தான் பேசக் கூடாது. என்னைப் பற்றிப் பேசக் கூடாதென்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

“நான் உங்க ஹாஸ்டல்லதான் இருந்தேன். சேர்ற அன்னிக்கு எங்கப்பா கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்க பேனாவ மூடச் சொல்லிட்டுக் கைநாட்டு வாங்கினீங்க. முப்பது பேர் முன்னாடி.”

அவள் என்னையே பார்த்தாள். நிஜமாகவே தேடினாள், கண் அங்குமிங்கும் போயிற்று. பிறகு, “எந்த அப்பா? வருஷத்துக்கு இருநூறு பேர் வருவாங்கம்மா...” என்றாள். சொல்லிவிட்டுத் தானே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஆறு வருஷமாக நான் சுமந்துகொண்டு திரிவது அவள் மண்டையில் ஒரு மூலையில்கூட இல்லை.

“அப்ப நீதானா?” என்றார் பேங்க் மேடம். வளையலைப் பிடித்த கை அப்படியே நின்றது. கதவருகே இன்னும் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். எனக்குப் பின்னால் அக்காவின் மூச்சுச் சத்தம். அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்தது. திறந்தால் சத்தியத்தை மீறியதற்கு முதலில் வெளியே போவது அவர்தான். அவருக்கு வீட்டில் ஆள் கிடையாது. மாதத்தில் இந்த ஒரு சாயங்காலம்தான் அவர் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுவது.

“அக்கா, நீங்க சும்மா இருங்க” என்றேன். பேங்க் மேடத்திடம் திரும்பினேன். “நான் சொல்லக் கூடாது மேடம். நீங்களும் கேக்கக் கூடாது. உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.”

“இதுலயே தெரியுதே” என்றார் அவர்.

படி இறங்கும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். தட்டிவிடத் தோன்றியது. தட்டிவிடவில்லை, பாதமும் மரத்துப்போன அவருக்குப் படி சரியாகத் தெரியாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எனக்கு அறிவிப்பு வருமோ வராதோ. வராவிட்டாலும் போய் என் இடத்தில் உட்காருவேன். நான் வேண்டாம் என்று தோன்றுகிறவள் எழுந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.