தையல்காரி வீட்டுப் பேரரசர்கள்

நகரத் தலைவரை ரோமாபுரியின் பேரரசர் ஒருவரோடு ஒப்பிட்டுப் பத்திரிகையில் பத்தி வெளியான ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பேரரசரே வந்து பத்தி எழுத்தாளர் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். கதவைத் திறந்தது எழுத்தாளரின் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறவள் என்பதால், வெள்ளைத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் ஏதோ தைக்கக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே வரச் சொல்லிவிட்டாள். அவர் வந்ததோ புகார் சொல்ல. எல்லோருக்கும் புரிகிற பேச்சில்தான் பேசினார். "எனக்கு நானே சிலை வெச்சுக்கிட்டவன்தான், இல்லேங்கல. ஆனா முதல்ல ஊருக்குத் தண்ணி வந்துச்சு, அப்புறம்தான் சிலை வந்துச்சு. என்னைக் கொண்டுபோய் இந்த ஆளோட சேர்க்கலாமா?" பத்தியில் மறுப்பு வெளியாகும்வரை நகர மாட்டேன் என்று ஹால் சோபாவில் சாய்ந்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருக்கோடி மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு கட்டி முடித்து, இயந்திரங்களும் வந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பூட்டிக் கிடந்தது. வாசலில் தலைவருடைய சிலை நின்ற பிறகுதான் திறப்பு விழா என்பது உத்தரவு. எழுத்தாளர் மனைவியின் தம்பி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் அக்கா வீட்டோடு வந்துவிட்டான். அந்தப் பூட்டைத் தாண்டித்தான் பஸ் பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். திரும்பி வந்தால் படியேறத் தெம்பிருக்காது, வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். அதைப் பார்த்து வயிறெரிந்துதான் அவன் அத்தான் எழுதினார். தலைவர் கூனிக் குறுகிப்போவார் என்று நம்பினார், பாவம். தலைவரோ பத்தியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பேரரசர் என்றால் தலையில் இலைக் கிரீடம் வேண்டாமா என்று சிற்பியைக் கூப்பிட்டனுப்பினார். கிரீடம் செதுக்குவதிலேயே மழைக்காலம் கழிந்தது.

இதோடு விட்டாரா எழுத்தாளர்? குதிரைக்குப் பதவி கொடுக்கத் துணிந்த ஒருவரோடு ஒப்பிட்டு அடுத்த பத்தியை எழுதினார். அந்த ஞாயிறே அவரும் வந்து இறங்கினார்; சிலைக்கடியில் ஒரு குதிரை சேர்ந்தது. மூன்றாவது பத்திக்கு மூன்றாமவர் வந்தார், குதிரைக்குப் பின்னால் ரதம் முளைத்தது. கல் வருவதற்குள் கோடையும் போய்விட்டது. வீட்டு நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஒருவர் குளியலறைக்குள் போனால் மத்தியானம்தான் வெளியே வருவார். இன்னொருவர் துணி வெட்டும் மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டு திராட்சை இல்லையா என்று கேட்பார். முதலில் வந்தவர் மட்டும் தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று, தோளில் கைபோட்டு உள்ளே கூட்டி வருவார். தம்பியின் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. முகமும் உப்பத் தொடங்கியது.

நாலாவது பத்திக்குக் கணவர் தடித்தடியாகப் புத்தகங்களை விரித்த அன்று, அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இப்ப யாரு வர்றாங்க?"

"இவரு ஊரையே கொளுத்தினதாச் சொல்வாங்க. இதைப் படிச்சா அந்தாளுக்கு உறைக்கும், பாரேன்."

"உறைச்சுக் கிழிச்சுது. நீங்க எழுத எழுத அந்தச் சிலைக்குத்தான் கைகால் முளைக்குது. என் தம்பி கால் வீங்கிக் கிடக்கான், ரூம் பூட்டிக் கிடக்கு. இதைச் சொல்ல ரோமாபுரி எதுக்குங்க?"

"வெறுமனே சொன்னா அதுல என்ன இருக்கு?"

"என் தம்பி இருக்கான்" என்றாள். அழுகை வந்துவிட்டது. அழுததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

ரோம் இல்லாமல் எழுத அவருக்குக் கை வரவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்து, கடைசியில் ஒரு பத்தியின் கால்வாசிகூட வராத நாலு வரி எழுதினார். அறை பூட்டியிருக்கிறது. இயந்திரங்கள் உள்ளே இருக்கின்றன. சிலை முடியாததால் திறக்கவில்லை. என் மைத்துனன் செத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பேரரசரும் மணியடிக்கவில்லை. தலைவர் முதன்முறையாகக் கோபப்பட்டார். பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் பறந்தது, பத்தி அன்றோடு நின்றது, எழுத்தாளருக்கு வேலை போயிற்று. ஆனால் மதியத்துக்குள் மருத்துவமனை வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள், அவரவர் வீட்டு நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு. யாரும் கோஷம் போடவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருட்டுவதற்குள் திறந்து தொலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சிலை, முகம் செதுக்காமலே தார்ப்பாய்க்குள் நின்றுபோனது.

மறுநாள் காலை தம்பியைப் படுக்க வைத்து ஊசியைப் பொருத்திய நர்ஸ், கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று வெள்ளைத் துணிக்காரர்களையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்கல்லாம் யாரும்மா?"

தையல்காரிக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. தம்பியின் ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாம் வீட்டு ஆளுங்கதான்" என்றாள்.

"கூட ஒருத்தர்தான் இருக்கலாம். மத்தவங்க வெளியில போங்க."

முதலில் வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற இருவரும் வெளியே போய், வராந்தா பெஞ்சில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.