செங்கமலம் பதில் சொல்லாத கேள்வி

புத்தூரில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் யாழினியும் ஹம்ஸாவும் சேர்ந்து ஒரு நாவலைப் பற்றிப் பன்னிரண்டு பக்கத்துக்குத் திறனாய்வுக் கட்டுரை எழுதினார்கள். எழுதி முடித்த அன்று இருவருக்கும் கால் தரையில் படவில்லை.

தமிழாசிரியை விஜயராணி வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கதைச் சுருக்கம் எழுதினா மார்க் கிடையாது. கதை எனக்குத் தெரியும். அதை ஏன் அப்படிச் சொல்லியிருக்காங்கன்னு நீங்க சொல்லுங்க. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு விடாம பிடிங்க." விரும்பிய பழைய நாவலை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் வாசிக்க வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் வீரராகவன் நடுவராக வருவதாக ஏற்பாடு.

இவர்கள் எடுத்தது 'கொள்ளிடத்து வீடு'. எண்பது வருடத்துக்கு முந்தைய நாவல்; கடைகளில் இல்லை, இணையத்திலும் இல்லை. பள்ளி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, பச்சை அட்டை போட்டு மறுபடி பைண்டு செய்தது, இருந்தது. பைண்டு செய்தவர் ஓரங்களைத் தாராளமாக வெட்டியதில் பக்க எண்கள் எல்லாம் போய்விட்டன. அத்தியாய எண்களும் கிடையாது. இடையிடையே மூன்று நட்சத்திரங்கள் மட்டும். யாழினிக்கு வீடு பாலக்கரையில், ஹம்ஸாவுக்கு ஸ்ரீரங்கத்தில். புத்தகம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் சாமிநாதனும் அவன் மனைவி செங்கமலமும்தான் கதை. பாதிக்கு மேல் தாண்டியதும் சாமிநாதன் வெள்ளத்தில் போய்விடுகிறான். உடலைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்கு அடுத்த வரியைப் படித்துவிட்டு யாழினி காலை ஆறு மணிக்கே ஹம்ஸாவுக்கு போன் செய்தாள்.

"கேளுடி. 'செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, கத்திரிக்காய் வாங்கவா, முருங்கைக்காய் வாங்கவா என்று சாமிநாதன் கேட்டான்.' செத்தவன்டி! செத்தவன் வந்து காய் கேக்குறான்!"

"நன்னா பாத்தியா?"

"நாலு தடவை பார்த்துட்டேன். அப்புறம் முப்பது பக்கம் உயிரோட சுத்துறான். அதுக்கப்புறம் ஆளையே காணோம். யாரும் அதைப் பத்தி வாயே திறக்கலை."

ஹம்ஸாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. செங்கமலம் அவனுக்கு ஏன் பதில் சொல்லவில்லை? அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான். முருங்கைக்காய் எதற்கு? வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் மரம், எனவே நினைவு. இன்னோர் இடத்தில் ஒரு வாக்கியம் கல்யாணப் பந்தலில் பாதியில் நின்று, நேராக வண்டிமாட்டுச் சந்தையில் போய் முடிந்தது. அதற்கு 'உடைந்த வாக்கியம்: துயரத்தின் இலக்கணம்' என்று ஹம்ஸா தனியாக ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

கட்டுரையைப் பார்த்த விஜயராணி கொஞ்சம் விழித்தார். "எனக்கு இப்படி ஞாபகமே இல்லையே! காலேஜ்ல படிச்சது, இருபத்திரண்டு வருஷம் ஆச்சு." பிறகு அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "அப்ப எனக்கு வயசு பத்தலை போலிருக்கு. பிரமாதம்டா, இப்படியே வாசிங்க!"

வெள்ளிக்கிழமை மன்றத்தில் இவர்களுக்கு முன்னால் பேசியவன் பிரவீன்ராஜ். அவனும் அதே நாவலை எடுத்திருந்தான். கைலாசபுரத்தில் இருக்கும் மாமா வீட்டுப் பரணிலிருந்து அவனுக்கு ஒரு பிரதி கிடைத்திருந்தது.

"இறந்த பிறகு சாமிநாதன் இந்த நாவலில் ஓரிடத்திலும் திரும்ப வருவதில்லை," என்று அவன் மைக்கில் முழங்கினான். "ஒரு கனவாகக்கூட வருவதில்லை. ஆசிரியரின் ஈவிரக்கமற்ற நேர்மை இதுதான்."

ஹம்ஸா யாழினியின் தொடையைக் கிள்ளினாள். "இவன் படிக்கவே இல்லைடி!"

அவன் இறங்கி வந்ததும் அவன் கையிலிருந்த புத்தகத்தை யாழினி ஏறக்குறையப் பிடுங்கினாள். "இதுல எங்கடா முருங்கைக்காய் வருது?"

"தொண்ணூத்தேழாம் பக்கம். அவன் உயிரோட இருக்கறப்ப."

"செத்ததுக்கு அப்புறம்?"

"இருநூத்தி நாப்பதுல சாகறான். அடுத்த பக்கம் பாரு."

யாழினி பார்த்தாள். 'செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது,' என்று பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் 'விளக்கு அணைந்திருந்தது' என்று தொடங்கியது. பச்சை அட்டைப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் புரட்டினாள். தொண்ணூற்றேழிலிருந்து முப்பத்திரண்டு பக்கம் இடம் மாறி இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. வண்டிமாட்டுச் சந்தைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"பைண்டிங்," என்றாள் யாழினி.

"என்னது?"

"மாத்தித் தைச்சிருக்காங்கடி. துயரத்தின் இலக்கணம் இல்ல, பைண்டிங்!"

ஹம்ஸாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு அவள் வாயிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. அந்த நேரம் பார்த்து மைக்கில் இவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறி ஹம்ஸா மூன்று முறை "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தாள். மூன்று முறையும் 'நடுவர்' என்ற இடத்திலேயே சிரிப்பில் உடைந்து, முகத்தைத் தாளால் மூடிக்கொண்டாள். யாழினி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சார், மன்னிச்சிடுங்க. எங்க கட்டுரை மொத்தமும் தப்பு. எங்க புத்தகத்துல பக்கம் மாறியிருக்கு. செத்துப்போனவர் வந்து முருங்கைக்காய் கேட்டாரு. நாங்க அதை நம்பிட்டோம்."

அரங்கு சிரிப்பில் வெடித்தது. விஜயராணி நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயோ, நானும்ல நம்பிட்டேன்!" என்று உரக்கவே சொல்லிவிட்டார். வீரராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதினது எழுதினதுதானேம்மா. வாசிங்க, கேப்போம்," என்றார்.

வாசித்தார்கள். 'வெட்டினாலும் துளிர்க்கும் நினைவு' என்ற இடத்தில் பின்வரிசைப் பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். 'உடைந்த வாக்கியம்' வந்தபோது ஹம்ஸாவாலேயே சிரிப்பைத் தாங்க முடியவில்லை. மீதியை யாழினி படித்து முடித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் வீரராகவன் கேட்டார்:

"சரி. இப்போ பக்கத்தை எல்லாம் சரியான இடத்துல வெச்சுடுவோம். உங்க கட்டுரையில எதாவது மிஞ்சுமா?"

ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லத்தான் யாழினி வாயெடுத்தாள். அதற்குள் ஏதோ நினைவு வர, பச்சை அட்டையைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள்.

"சார், அவ பதில் சொல்லலை."

"யாரு?"

"செங்கமலம். அவன் செத்துட்டான், அதனால பதில் சொல்லலைன்னு நாங்க எழுதினோம். ஆனா அப்ப அவன் உயிரோடதான் இருந்திருக்கான். கத்திரிக்காயா முருங்கைக்காயான்னு கேக்குறான். அவ பாட்டுக்கு அரிசி களையறா." யாழினியின் குரல் வேகமெடுத்தது. "அந்த முப்பது பக்கத்துலயும் அவ அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை சார். நாங்க ஆவின்னு நினைச்சதால அதை ஒவ்வொரு வரியா எண்ணிப் பார்த்தோம்."

"பேசுவாளே!" என்று கீழேயிருந்து பிரவீன்ராஜ் எழுந்தான். தன் புத்தகத்தைப் புரட்டினான். முன்னால் போனான், பின்னால் வந்தான். இரண்டு நிமிடம் மொத்த அரங்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"புத்தகம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் அவன்கிட்ட பேசறா சார்," என்றான் கடைசியில். "வெள்ளத்தன்னைக்கு. 'குடையை எடுத்துக்கிட்டுப் போங்க.' அவ்ளோதான். நான் மூணு தடவை படிச்சேன் சார், இதைக் கவனிக்கவே இல்ல."

ஹம்ஸா மேடையிலேயே யாழினியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். மைக் கீழே விழுந்து கிறீச்சிட்டது.

முதல் பரிசு பிரவீன்ராஜுக்குத்தான். "அவர் நாவலை முழுசா, சரியாப் படிச்சிருக்கார்," என்றார் வீரராகவன். "இந்தப் பொண்ணுங்களுக்குப் பரிசு கொடுத்தா அதுல பாதி பைண்டருக்குப் போகணும்." ஆனால் தேநீர் இடைவேளையில் தானே தேடி வந்து, அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஓரம் மடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பிரவீன்ராஜ் தன் பிரதியைக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், ஹம்ஸாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இருவரும் மாற்றி மாற்றிச் சத்தமாகப் படித்தார்கள். வெள்ளம் வந்தது. சாமிநாதனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விளக்கு அணைந்திருந்தது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அவன் வரவில்லை. கதை எப்படி என்று தெரிந்திருந்தும் இருவருக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

விசும்பல் கேட்டு ஹம்ஸாவின் அம்மா அரவிந்தவல்லி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னடி ஆச்சு? யாருக்கு என்ன?"

"சாமிநாதன் போயிட்டான்மா," என்றாள் ஹம்ஸா மூக்கை உறிஞ்சியபடி.

"எந்த சாமிநாதன்? நம்ம மனுஷாள்ல அப்படி யாருமே இல்லையேடி! உள்ள அடுப்புல தளிகை ஆயிண்டிருக்கு. நமக்குத் தீட்டு உண்டா, இல்லையா? நான் ஸ்நானம் பண்ணணுமா? சொல்லித் தொலை!"

"மாமி," என்றாள் யாழினி. கண்ணீரோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. "அவரு புக்குல இருக்கறவரு மாமி."

அரவிந்தவல்லி இருவரையும் முறைத்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். கரண்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"எப்படிடி போனான்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. கதைச் சுருக்கத்துக்கு மார்க் கிடையாது," என்று சொல்லிவிட்டு ஹம்ஸா தரையில் சாய்ந்து சிரித்தாள்.

"அப்போ முதல்லேர்ந்து படி. அடுப்பை அணைச்சுட்டு வரேன்."

யாழினி முதல் பக்கத்தைத் திருப்பினாள். சிரிப்பு அடங்காததால் முதல் வாக்கியத்தை மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.