பலகைப் படுக்கை

முதுகுவலி என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்ன பொய், ஒரு இரவைக் கடத்துவதற்காகச் சொன்னதுதான். மனைவி ஆசையாய் அருகில் வந்தாள்; அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான். "முதுகு பிடிச்சுக்கிச்சும்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் மெத்தைக் கடையில் உறை தைப்பவள். அடுத்த வாரமே வீட்டிலிருந்த நல்ல மெத்தையைச் சுருட்டிப் பரணில் ஏற்றினாள். கடைத் தச்சரிடம் சொல்லி ஒரு ஒட்டுப்பலகையை அளவாய் அறுத்து வாங்கிவந்து, கட்டிலில் போட்டு, மேலே போர்வையை விரித்தாள்.

"ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவ பலகையில படுக்கிறேன். வெளிய சொல்லிராதீங்க, கடையில ஆளு வராது."

"நீ கீழ மெத்தையைப் போட்டுப் படுத்துக்கயேன்."

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

அதன்பின் அவர் இருப்புக் கொள்ளாமல் தவித்தார். காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. கடவுள் சில சமயம் நம்மைத் திருத்துவதற்குக் கையில் பிரம்பு எடுப்பதில்லை, பக்கத்தில் ஒரு நல்ல மனுஷியைப் படுக்க வைக்கிறார்.

வேலையிலும் மனம் நிற்கவில்லை. கருவிப்பையை ஒரு கட்டடத்தில் விட்டுவிட்டு இன்னொரு கட்டடத்துக்குப் போய் நின்றார். கூட வேலை பார்க்கும், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் பையன் விடவில்லை.

"என்னண்ணே, அண்ணி சோறு போடலையா?"

சொல்லாமல் சொல்லிவைத்தார். ஸ்பேனர் சட்டைப்பையிலிருந்து பெயர் அச்சிடாத அட்டையில் ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினான். "இதைப் போடுங்க. கேள்வி கேக்காதீங்க."

மோட்டார் ஏன் நின்றது என்று தெரியாமல் எதையும் மாற்றாதே என்று அவனை நாள் முழுக்கத் திட்டுகிறவர், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போடவும் துணிவில்லை, எறியவும் மனமில்லை.

கடைசியில் மனைவியே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள், முதுகுக்காக. காத்திருக்கும் அறையில் அவர் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார், தீயணைப்பானில் எழுதியிருந்ததை முழுவதும் படித்தார்.

"உக்காருங்க. முதுகுவலிக்காரரு இப்படியா நடப்பாரு?"

டாக்டர் அவருடைய தங்கை வயதுப் பெண். வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று மனைவியே அக்கறையாய் விவரித்தாள். டாக்டர் குனியச் சொன்னார். மெக்கானிக் மறந்துபோய்க் கால் விரலைத் தொட்டுவிட்டார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றார் டாக்டர். கதவு சாத்தியதும், "முதுகு நல்லா இருக்கு. எதுக்கு வந்தீங்க?"

மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். எதற்கென்று பாதி வார்த்தையில் சொன்னார்.

"போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க."

"நல்லது. இதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இந்த வகை மாத்திரையை நெஞ்சுவலி மாத்திரையோட சேர்த்துப் போட்டா, பிரஷர் சட்டுனு இறங்கி உயிரே போயிரும். நெஞ்சுவலி உண்டா?"

"இல்லீங்க."

"காலையில எந்திரிக்கும்போது தானா விறைப்பு வருதா?"

"அதுவும் குறைஞ்சிருச்சு." காது சூடானது.

"மனக்கவலை மட்டும் காரணம்னா பெரும்பாலும் காலையில வரும். உங்களுக்கு உடம்பையும் பாக்கணும். அங்க போற ரத்தக்குழாய் ரொம்பச் சின்னது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சிகரெட்டு எது கெடுத்தாலும் முதல்ல அங்கதான் தெரியும். இதயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நமக்குச் சேதி சொல்லுது."

விரலில் ஊசி குத்திப் பார்த்தார். சர்க்கரை கூடுதலாக இருந்தது. மற்றதற்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

"முதல்ல சர்க்கரையை இறக்குவோம். சிகரெட்டு பழக்கம் இருந்தா விடுங்க, நடங்க. இதயத்தையும் பாத்துட்டு நானே சரியான மாத்திரை எழுதித் தர்றேன். அது கேக்கலைன்னா ஊசி இருக்கு, காத்தை உறிஞ்சி அங்க ரத்தத்தை இழுக்கிற பம்ப் இருக்கு, ஆபரேஷன்கூட இருக்கு. இதுக்காக நிறையப் பேர் வர்றாங்க. வீட்டுல சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது?"

"முதுகுன்னு சொன்ன அதே வாயாலதான்."

வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தார், மூடினார். வீட்டுக்கு வந்ததும் அவள் பலகைமேல் உட்கார்ந்து இடுப்பை அழுத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவரால் அடக்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் பிறகு. "அதான் பலகையா இருந்தாலும் பக்கத்துலயே படுத்தேன். நான் கீழ போயிட்டா அப்படியே விட்ருவீங்களோன்னு."

அவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கை அவர் தலைக்கு வந்தது.

"அப்ப முதுகு?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு."

"அடப்பாவி மனுஷா. என் இடுப்பு போச்சே." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, பரணுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்ல முதுகுதானே, ஏறுங்க. மெத்தையை எடுங்க. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிறேன்."