நாற்பத்தைந்து கோல் பதினேழு விரல்

எங்கள் காலனிக்கு விதி எழுதினவன் நான். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அப்படி இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்தேன்.

நாகர்கோவிலுக்கு மேற்கே, பார்வதிபுரம் போகிற ரோட்டில், வீடமைப்புச் சங்கம் ஒன்று இருபத்துநான்கு மனை பிரித்தது. ஆளுக்கு ஆறு சென்ட். எல்லாருக்கும் ஒரே பிளான், முப்பதடிக்கு இருபத்துநாலடி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பெயர் ஞானதாசன். கணக்குத் தெரிந்தவன் என்று என்னைச் செக்ரட்டரி ஆக்கினார்கள். ஆக்கினவர்கள் சீக்கிரமே வருந்தினார்கள்.

மொத்தம் பதினெட்டு விதி எழுதினேன். ரோட்டிலிருந்து பத்தடி விட்டுத்தான் வீட்டுச் சுவர் எழும்ப வேண்டும். மாடு கூடாது, கடை கூடாது, விடியுமுன் உலக்கை இடிக்கக் கூடாது. வீட்டைக் கட்டிப் பூட்டிவிட்டு உள்ளே தேங்காய் அடுக்குகிற ஆட்களுக்காகப் பதினாலாம் விதி: வேலை முடிந்து தொண்ணூறு நாளைக்குள் குடியேற வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு ரிஜிஸ்டரில் சாட்சி எழுத வேண்டும், தவறினால் மனை சங்கத்துக்கே திரும்பிவிடும். இந்த விதியை எழுதின அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

முதலில் அகப்பட்டவர் என் பக்கத்து மனை கோலப்பன். கோட்டாறு சந்தையில் வெற்றிலை மொத்த வியாபாரி, அதிகம் பேசாத மனிதர். அவர் வீட்டு முன்பக்கம் முழுக்க ஒன்பதரை அங்குலம் பத்தடிக்குள் நீண்டிருந்தது. நானே டேப்பைப் பிடித்து அளந்து, நோட்டீஸ் கொடுத்தேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொத்தனைக் கூப்பிட்டு முன்சுவரை இடித்துப் பின்தள்ளிக் கட்டிக்கொண்டார். நான் ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன்.

ஐந்து மாதம் கழித்து என் வீடு முடிந்தது. சுண்ணாம்பு அடித்தாயிற்று. தாணுலிங்கம் ஆசாரி கடைசிக் கதவை மாட்டிவிட்டு, போகிற போக்கில் தன் முழக்கோலால் வீட்டைச் சுற்றி அளந்திருக்கிறார். பிறகு என் மனைவி செசிலியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் நான் வந்தபோது அவள் வாடகை வீட்டு அடுக்களையில், கட்டி வைத்த மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுக்கு நான் வரல."

"ஏன்ட்டி?"

"சுத்தளவு நாப்பத்தஞ்சு கோல் பதினேழு விரல். பாலியம், கௌமாரம், யௌவனம், வயோதிகம், மரணம்னு சுத்தளவ வச்சு வீட்டுக்கு அஞ்சு பருவம் உண்டுமாம். நம்ம வீடு மரணத்துல நிக்கி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலனியில் இருபத்துநான்கு வீடும் ஒரே அளவு, அப்படியானால் இருபத்துநான்கும் மரணமா என்று கேட்டேன். "அவியளுக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சு போச்சே" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவ. மாதாவ நம்புதவளுக்கு ஆசாரி கணக்கு எதுக்குட்டி?"

"ஏசுவ வளத்தவரே ஆசாரிதானே" என்றாள் செசிலி.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் அரைமணி நேரம் மூடநம்பிக்கையைக் கண்டித்துவிட்டு, தான் குடியிருக்கப் புதிதாகக் கட்டுகிற மேடையின் அளவை எந்த ஆசாரியிடம் காட்டலாம் என்று என்னிடமே விசாரித்தார்.

நாள் ஓடியது. ஐம்பது, அறுபது, எழுபது. நான் மட்டும் தனியாகக் குடியேறலாம் என்றால், 'குடும்பத்தோடு' என்று விதியில் எழுதித் தொலைத்திருக்கிறேன். எண்பத்துநாலாம் நாள் மானத்தை விட்டு ஆசாரியைத் தேடிப் போனேன்.

"இதுக்கா இவ்வளவு பாடு, சாரே?" என்றார் அவர். "அடிச்சுவரைச் சுத்தி முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு கெட்டுவோம். நாலு பக்கமும் ரெண்டு விரல் கனம் போதும். சுத்தளவுல பதினாறு விரல் கூடும். மரணம் தாண்டிப் பாலியத்துக்கு வந்துரும்."

ரெண்டு விரல் என்றாலும் பத்தடிக்குள் வருகிறதே. என் விதியை நானே மீறுவது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்கு வந்து காகிதத்தில் விரலை அங்குலமாக்கினேன். பதினாறு விரல் என்பது ஏறக்குறையப் பத்தொன்பது அங்குலம். கட்டு இல்லாமல் முன்பக்கத்தை மட்டும் நீட்டி அதைப் பிடிப்பதென்றால் இரண்டு பக்கச் சுவரும் நீளும், ஆகப் பத்தொன்பதில் பாதி. ஒன்பதரை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கோலப்பன் இடித்த சுவர் நீண்டிருந்ததும் ஒன்பதரை அங்குலம்.

உடனே அவர் வீட்டுக்குப் போனேன். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தாணம்மாள் முற்றத்தில் கிடந்த கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள். அந்தக் கட்டிலை நான் மாதக்கணக்காகப் பார்த்துவருகிறேன். காற்றுக்காக வெளியே படுக்கிறார்கள் என்று நினைத்தேன். முற்றத்தில் கட்டில் போடக் கூடாது என்று பத்தொன்பதாவதாக ஒரு விதி எழுதலாமா என்றுகூட யோசித்திருந்தேன்.

"நீங்க உள்ள படுக்கிறதில்லியா?" என்று கேட்டேன்.

"ஆக்குறது, தின்னுறது எல்லாம் உள்ளதான். கண்ணடைக்கத்தான் பயம்" என்றாள் தாணம்மாள். "மழை வந்தா வடசேரியில எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம்."

"எட்டு மாசமாவா? வே கோலப்பன், அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

அவர் வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சொல்லலாம்னுதான் வந்தேன், சாரே. ஒங்க கையில டேப்பு இருந்துது."

நான் அவமானத்தில் கூசிப்போனேன். வகுப்பில் பையன்கள் சந்தேகம் கேட்காமல் உட்கார்ந்திருப்பதைப் பாடம் புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிற வாத்தியார் நான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டேன். 'முழங்கால் உயரத்துக்குள் அடிச்சுவரை ஒட்டிக் கட்டுகிற கட்டு கட்டடத்தில் சேராது. மழைச் சாரலிலிருந்து சுவரைக் காப்பதற்காக' என்று ஒரு திருத்தம் வாசித்தேன். சண்டை வரும் என்று பயந்து பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். வாசித்து முடிக்குமுன் எல்லாக் கையும் தூக்கியாயிற்று. அதற்குள் செசிலி எல்லா வீட்டு அடுக்களைக்கும் போய் வந்திருந்தாள். மழைச் சாரலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, எந்த வீட்டுக்கு ஆசாரி முதலில் வருவார் என்றுதான் கேட்டார்கள்.

ஒரு வீட்டுக்கு மூன்று நாள் பிடிக்கும். ஒவ்வொரு வரிசையையும் தன் கையால் அளக்காமல் ஆசாரி அடுத்ததை வைக்க விடமாட்டார். என் கணக்கில் மிச்சமிருந்ததும் மூன்று நாள்தான். முதலில் என் வீடு என்றால் தொண்ணூறுக்குள் குடியேறிவிடலாம்.

"கோலப்பன் வீட்டுலருந்து தொடங்கும்" என்று ஆசாரியிடம் சொன்னேன்.

ராத்திரி சோறு போடும்போது செசிலியிடம் சொன்னேன். மனை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். குழம்பை ஊற்றிவிட்டு, "அந்த அக்கா எட்டு மாசம் முற்றத்துல கெடந்திருக்கா" என்றாள்.

தொண்ணூறாம் நாள் சாயங்காலம் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கோலப்பன் வீட்டுக்குப் போனேன். கட்டு முடிந்து, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கட்டில் இல்லை. என் வீட்டைச் சுற்றி அப்போதுதான் ஆசாரி நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு கடைசி நாளு. குடியேறலன்னு உள்ளத உள்ளபடி எழுதிரும், வே" என்றேன்.

கோலப்பன் பேனாவை வாங்கி, சந்தையில் சீட்டு எழுதுகிற வேகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'பக்கத்து வீட்டு ஞானதாசன் சார் குடும்பத்தோடு இன்று பால் காய்ச்சிக் குடியேறினார். நான் கண்டேன்.'

"இது பொய்யில்லியா?" என்றேன்.

"பொய் எழுதப்பிடாதுன்னு பதினெட்டுல எதுல போட்டிருக்கிய, சாரே?"

ஒன்றிலிருந்து பதினெட்டு வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் இல்லை. தாணம்மாள் உள்ளேயிருந்து ஒரு தம்ளர் பாலும், மூடி போட்ட ஒரு தூக்குவாளியும் கொண்டுவந்தாள். "நீங்க குடியுங்க. இத செசிலிக்குக் கொண்டு கொடுங்க" என்றாள்.

நான் வெளியே நின்றபடியே தம்ளருக்குக் கையை நீட்டினேன்.

"உள்ள வந்து இருந்து குடியுங்க, சாரே" என்றார் கோலப்பன். "இப்போ பயம் ஒண்ணும் இல்ல."

போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. பால் நல்ல சூடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.