ஆறாம் எண் பல்லி

ஆமைக்குஞ்சு வளர்க்கும் நிலையத்தின் பச்சைக் கதவின் முன்னால் நாங்கள் இருந்தோம், நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் நுபியா, தணிகைவேல், நான், கள்ளிச்செடியின் மேல் ஒரு கருங்குருவி, நுபியாவின் உள்ளங்கையில் ஓர் ஆமைக்குஞ்சு, அதன் ஓட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆறு என்று எழுதியிருந்தது, பிறகு தரையில் இரண்டு ஜோடி செருப்பு, என்னுடையதும் தணிகையுடையதும், கதவைக் கண்டதும் யாரும் சொல்லாமலே கழற்றிவிட்டோம், நுபியா சிரிக்கிறாள், இது கோயிலா என்ன, வெறுங்காலோடு உள்ளே விடமாட்டேன், வெளிமண் குஞ்சுகளுக்கு ஆகாது, பூட்ஸ் எடுத்துவருகிறேன் என்கிறாள், ஸ்பானிஷ் ஏறிய ஆங்கிலத்தில். கோயில் பழக்கம் இல்லை அது. தரமணியில் சர்வர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்று செருப்பை வெளியே விடுவோம், நைட் ஷிப்டில் நாங்கள் இரண்டே பேர், ஒருவன் உள்ளே போனால் ஒருவன் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி, எப்போதும் தணிகைதான் உள்ளே போவான், கதவு மூடுமுன் திரும்பி, மச்சி செருப்பப் பாத்துக்கடா, என்பான், அந்த எட்டாவது மாடியில் எவன்டா திருடப்போறான், பல்லியா, என்பேன், தினமும் இதே பேச்சு, தினமும் சிரிப்போம்.

பல்லிகள் இருந்தன, கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கம், விளக்குக்கு வரும் பூச்சிகளைத் தின்ன, நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விலங்கியலை மூன்றாம் வருடத்தில் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன இருக்கிறது, தணிகை அதே வகுப்பு, அவன் முடித்தான். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எது எந்த மூலை, எது எதை விரட்டியது, எப்போது வால் விழுந்தது என்று நீல அட்டை நோட்டில் எழுதினேன், நான்கு வருடம், தணிகை எட்டிப்பார்த்து, என்னடா, பல்லிங்களுக்கு அட்டென்டன்ஸா, ஆறாம் நம்பர் இன்னிக்கு லீவா, என்பான், அதே தணிகைதான் ஒருநாள் நோட்டைக் கேட்டான், சும்மா படிச்சுப் பாக்குறேன்டா என்று, கொடுத்தேன், பத்து நாள் வைத்திருந்தான், வேறு யாரும் அதைப் பத்து நிமிஷம் கையில் வைத்திருந்ததில்லை, பெருமையாகக்கூட இருந்தது, இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகு அந்த வேலையையும் பாதியில் விட்டேன், வீட்டில் பகலெல்லாம் தூங்கினேன், அவன் போன் செய்கிறான், எக்வடார் போலாமாடா, கலாபகோஸ் தீவுக்கு, காலேஜ்ல பேசினோமே, ரெண்டு பேரும்.

ரெண்டு பேரும் என்றுதான் சொன்னான். தலைநகர் கீட்டோவில் இறங்கியதும் மலை உயரத்தில் மூச்சு வாங்கியது, மூடுபனிக் காட்டில் கட்டைவிரல் அளவு ரீங்காரச்சிட்டுகள் காதை உரசிக்கொண்டு போயின, தீவு விமானத்துக்கு முன் பையைச் சோதித்த அதிகாரி என் புளியை எடுத்து, கொட்டை இருக்கிறது, வெளிவிதை ஒன்றுகூடத் தீவுக்குள் போகக்கூடாது என்று குப்பையில் போட்டார், உன்ன நம்பி வந்தேன் பாரு, ரசத்துக்கும் வழியில்ல, என்று தணிகை தலையில் அடித்துக்கொள்கிறான், பிறகு தீவு, கறுப்புப் பாறைகளில் கறுப்பு உடும்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து மூக்கால் உப்பைத் தும்முகின்றன, மீன் சந்தையில் ஒரு பெஞ்சு முழுக்கக் கடல்சிங்கம் தூங்குகிறது, ஆட்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை, நீலக்கால் பறவை ஒன்று பாதை ஓரத்திலேயே முட்டைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை, இங்கே இவற்றுக்கு மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாது என்றார் வழிகாட்டி, நான் தணிகையைப் பார்த்துச் சிரித்தேன், அவன் கடலைப் பார்த்தான்.

நுபியா பூட்ஸோடு வருகிறாள், ஒரு ஜோடி, ரப்பர் பூட்ஸ், மேலே டேப் ஒட்டித் தணிகையின் பெயர் எழுதியிருக்கிறது, எனக்கு, என்றேன், அவள் அவனைப் பார்த்தாள், ஒரே ஓர் ஆளுக்குத்தானே வேலை, சொல்லவில்லையா, இரண்டு வருடம் இங்கே எங்களோடு குஞ்சு வளர்க்கப்போகிறார், இவர் அனுப்பிய பல்லிக் குறிப்புகளைப் படித்துத்தான் எடுத்தோம், நான்கு வருடம், ஒரே கண்ணாடி, என்ன பொறுமை இவருக்கு, என்று அவன் தோளைத் தட்டுகிறாள். தணிகை சிரிப்பு மாறாமல் தமிழில் பேசினான், அவளுக்குப் புரியக்கூடாதென்று, கோச்சுக்காதடா, டிகிரி இல்லாத உன் பேரப் போட்டிருந்தா தொறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தனாவது உள்ள போவணும்ல, நீயும் பாக்கட்டும்னுதான் கூட்டியாந்தேன். எதப் பாக்கட்டும்னு, என்றேன். அவன் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு சந்தேகம், என்கிறாள் நுபியா, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன், ஆறாம் எண் பல்லி வால் விழுந்து, மூன்று மாதம் காணாமல்போய்த் திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதேதான் என்று எப்படித் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்ட் மறந்தால் சர்வர் அறைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பானே, அந்தப் பார்வை, நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மாட்டிக்கொள்வான், அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருக்கிறது, அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், எடது பின்னங்கால்ல நடுவிரல் இல்ல, என்றேன் தமிழில், நோட்டில் அதை நான் எழுதியதே இல்லை, அவன் அதை ஆங்கிலமாக்கிச் சொன்னான், நுபியா கண்ணை மூடித் தலையசைத்தாள். அவனைக் காப்பாற்றச் சொல்லவில்லை, ஆறாம் எண்ணைப் பற்றித் தப்பாக எதையாவது உளறிவிடுவான் என்று பயந்தேன், அவ்வளவுதான். பச்சைக் கதவு திறக்கிறது, நுபியா முதலில் போய், குஞ்சை அவன் கையில் கொடுக்கிறாள், அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை, கழுத்தை நீட்டி அவன் விரலை முகர்கிறது, வாசலில் அவன் திரும்பினான், பழக்கம்தான், மச்சி செருப்ப, என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினான், வெளியே இப்போது கருங்குருவி, நான், இரண்டு ஜோடி செருப்பு, கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மூடியது, சாவி உள்ளிருந்து இரண்டு முறை திரும்பியது.