லாக் புக்கில் ஓடிய ஜீப்

மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே ஜீப், ஒரே டிரைவர். அந்த டிரைவர் நான். சுகாதாரம், குழந்தை நலம், வீட்டுவசதி என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் மலைமேல் இருக்கும் பூர்வகுடி ஜனங்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது, மூவரும் கைகோத்து வேலை செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான், குறை சொல்லவில்லை. கைகோத்த கையோடு இரண்டு ஜீப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டதுதான் என் இடுப்பு எலும்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மலைக் குடியிருப்புக்குப் போனால் மட்டுமே டீசல் தருவார்கள். அதனால் மூன்று அதிகாரிகளில் யார் எங்கே போகச் சொன்னாலும் லாக் புக்கில் ‘குடியிருப்புக்குப் போய் வந்தது’ என்றே எழுதுவேன். எழுதச் சொன்ன வாய் அவர்களுடையது, எழுதிய கை என்னுடையது. ஒன்பது வருஷம் எழுதிப் பழகியதில் அது பொய் என்ற நினைப்பே விட்டுப்போயிருந்தது.

அன்றைய கூட்டம் சுகாதார நிலையத்தின் பின்னறையில். எடை பார்க்கும் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, கால் ஆடும் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சுகாதாரத்துக்கு நர்ஸக்கா, நலத்துறை மேடம், வீட்டுவசதி சார். எதிரே தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி. அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று. ‘கடைசி வீட்டுக்காரி’யின் பெண் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பும் உத்தரவு.

குடியிருப்பின் கடைசி வீட்டில் இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மரம் வெட்டப் போன இடத்தில் புருஷன் செத்துப்போனான். குழந்தைக்கு இரண்டு வயது, எடை ஏறவே இல்லை. கூரை வேறு ஒழுகுகிறது. காலையில் நான்தான் இருவரையும் ஜீப்பில் அழைத்து வந்தேன். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வராந்தா பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றிய கூட்டத்துக்கு அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அட்டெண்டர் லீவு என்றால் டீயும் டிரைவர் தலையில்தான் விழும், அதனால் நான் உள்ளே இருந்தேன்.

பெரியவர் மூன்று ஃபைலையும் புரட்டினார்.

“குழந்தைக்கு எடை பாக்க வரல. நலத்துறை விசாரணைக்கு வரல. வீட்டுவசதி மனு குடுக்கவும் வரல. மூணும் ஒரே தேதியா இருக்கே?”

“அலைச்சல் வேணாம்னுதான் சார், மூணு பேரும் பேசி ஒரே வியாழக்கிழமையா வச்சோம். ஜீப் போய்க் கூட்டிட்டு வரும்னு சொல்லியிருந்தோம்,” என்றாள் நர்ஸக்கா.

“ஜீப்பே வரலன்னு அந்தம்மா சொல்லுதாம். லாக் புக்ல போயிட்டு வந்ததா இருக்கு. இப்படிப் பொய் சொல்ற தாய்கிட்ட எதை நம்பிக் குழந்தைய விடுறது?”

பெரியவர் பேனா மூடியைக் கழற்றினார்.

எனக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக நினைவிருந்தது. விடிந்ததும் விடியாததுமாக போன். தலைமை அலுவலகத்தில் திடீர்ப் பயிற்சி வகுப்பு, மூன்று பேரும் வந்தாக வேண்டுமாம். துறைகள் எப்படி ஒன்றாக வேலை செய்வது என்பதுதான் பாடம், சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள். மூவரையும் ஏற்றிக்கொண்டு, குடியிருப்பு ஜனங்கள் இறங்கி வந்து ஜீப்புக்குக் காத்திருக்கும் மலையடித் திருப்பத்தைத் தாண்டும்போது அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கை காட்டினாள். பின் சீட்டில் ஆளுக்கொரு போனில் இருந்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம், அப்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. மூன்று அலுவலகத்திலும் இருந்த கிளார்க்குகள் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். நானும் வழக்கம்போல எழுதினேன்.

“சார்,” என்றேன். டீத் தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. “அன்னைக்கு ஜீப் குடியிருப்புக்குப் போகல.”

“நீதானய்யா எழுதியிருக்க?”

“நான்தான் எழுதினேன். அது பொய்.”

“அப்ப வண்டி எங்க போச்சு?”

மூவரையும் பார்த்தேன். நர்ஸக்கா டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நலத்துறை மேடம் ஃபைலில் ஏற்கெனவே படித்த பக்கத்தையே படித்தார். வீட்டுவசதி சார் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கெட்டவர்கள் இல்லை. நர்ஸக்கா தன் சம்பளத்தில் அந்தக் குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“நீங்க சொல்றீங்களா மேடம், நான் சொல்லட்டுமா?”

நர்ஸக்காதான் கடைசியில் சொன்னாள். “நாங்க மூணு பேரும்தான் சார் அந்த ஜீப்புல இருந்தோம். உங்க ஆபீஸ் டிரெய்னிங்குக்கு வந்தோம்.” மற்ற இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பெரியவர் பேனாவை மூடினார்.

“குழந்தை தாய்கிட்டயே இருக்கட்டும். வேற தேதி போடுங்க. நீ சாவிய மேஜை மேல வச்சுட்டு, பொய்யா எழுதினதுக்கு விளக்கம் எழுதிக் குடு.”

விளக்கம் என்னிடம் மட்டும்தான் கேட்டார். எதிர்பார்த்ததுதான். சாவியை வைத்தேன். சந்தோஷம் வரவில்லை, பயமும் வரவில்லை. எங்காவது கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது.

வராந்தாவுக்கு வந்து அவளிடம் சொன்னேன். “குழந்தைய அனுப்பலம்மா. உன்கிட்டதான் இருக்கும்.”

அவள் குழந்தையை இறுக்கி அணைத்து அதன் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு என்னப் பாத்தீங்கல்ல அண்ணே?”

“பாத்தேன்மா.”

“நிறுத்தி, இன்னைக்கு வண்டி வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு மணி நேரம்தான். இவளத் தூக்கிட்டு நடந்தே வந்திருப்பேன்.”